யார் செலவில் கேட்பது?

அரசு மருத்துவமனையின் கவனக்குறைவால் பாதிக்கப்பட்ட பெண் வழக்குத் தொடுக்க, அரசே செலவு செய்ய வேண்டுமா? வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி, "வைத்தியமும் இலவசம், வழக்கும் இலவசமா மேடம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நம் சமூகத்தின் நம்பிக்கை ஒன்று ஒளிந்திருக்கிறது. இலவசமாகப் பெற்றவளுக்குக் கேள்வி கேட்கும் தகுதி இல்லை என்பதே அது.

சட்டமும் ஓரளவு அப்படித்தான் நினைக்கிறது. மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அதிலிருந்து விலக்கியது. பணம் கட்டிப் படுத்தவள் நுகர்வோர், கட்ட இயலாதவள் அல்லள். தமிழில் நுகர்தல் என்றால் விலைக்கு வாங்குவது மட்டுமல்ல, அனுபவிப்பதும்தான். இன்பத்தைப் போலவே வினைப்பயனையும் நுகர்கிறோம். தையல் பிரிந்து சீழ்பிடித்த வயிற்றோடு வீடு திரும்பும் பெண் எதை நுகரவில்லை?

நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடினால் அவளுக்கு மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்பதற்கு ஹரியானாவில் நடந்த வழக்கொன்று சாட்சி. ஏழு குழந்தைகள் பெற்ற கூலித் தொழிலாளி ஒருவர் 1988இல் குர்கான் அரசு மருத்துவமனையில் கருத்தடை செய்துகொண்டார். மருத்துவர் ஒரு பக்கக் கருக்குழாயை மட்டும் அடைத்துவிட்டு மறுபக்கத்தைத் தொடாமல் விட்டார். மீண்டும் ஒரு பெண்குழந்தை பிறந்தது. நீதிமன்றம் 54,000 ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. அந்தத் தொகையைக் கொடுக்க மனமின்றி மாநில அரசு மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000இல் அங்கும் தோற்றது.

அத்தனை படிகளிலும் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்தது யார்? மக்கள்தான். தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிற அந்தக் கூலிப் பெண்ணும் அதில் சேர்த்தி. ஆகவே, மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளுக்குப் பொதுப்பணம் செலவிடலாமா என்ற கேள்வியே பிந்தி வருகிறது. ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு தரப்புக்கு மட்டும். மறு தரப்புக்கும் கொடு என்று கேட்பது தராசின் இரண்டு தட்டையும் பார்ப்பது. அதில் சலுகை எதுவும் இல்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இதை ஏட்டளவில் ஒப்புக்கொள்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஆனால் இவ்வகை வழக்கில் வழக்கறிஞர் கிடைப்பது பாதிக் கிணறுதான். அறுவை தோற்றது என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது, அதை நிரூபிக்க வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரூபிக்க மருத்துவக் குறிப்புகள் வேண்டும், அவற்றைப் படித்துச் சொல்ல இன்னொரு மருத்துவர் வேண்டும். நாள்கூலியை விட்டு வாய்தாவுக்கு வர பஸ் காசும் வேண்டும். இவற்றையும் சேர்த்துக் கொடுக்காத உதவி, ஏணியைக் கொடுத்துப் படிகளைப் பிடுங்கிக்கொள்வது.

வழக்குக்குப் போகும் பணத்தில் மருந்து வாங்கலாமே என்பார்கள். இரவெல்லாம் நாற்பது படுக்கைகளைத் தனியாகப் பார்க்கும் செவிலியும் பெண்தானே, அவர் தலையில் விடியாதா என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி என்னை உறுத்துகிறது. ஆனால் ஹரியானா வழக்கில், ஊழியரின் தவறுக்கு அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. வழக்கு நடந்தால்தான் நாற்பது படுக்கைக்கு ஒருவர் என்ற கணக்கும் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறும். நடக்காவிட்டால் செவிலியின் பாரமும் தாயின் வலியும் ஒன்றாகவே மறைந்துபோகும்.

அந்த மாணவிக்கும் உங்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும். எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாத அத்தைக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் நீங்கள் எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு தாளுக்கு அரசின் பணம் தேவையில்லை. அதற்குப் பிறகு ஆகும் ஒவ்வொரு செலவுக்கும் தேவை.