வன்னி இலைக் கூலி

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலின் தலபுராணத்தில் ஒரு கூலிக் கணக்கு வருகிறது. கோயில் திருப்பணியை நடத்திய விபசித்து முனிவர், வேலை முடிந்ததும் தலமரமான வன்னியின் இலைகளை உருவி வேலையாட்களுக்குக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ப அந்த இலை அவரவர் கையில் பொன்னாகும். எல்லாருக்கும் ஒரே மரத்து இலைதான். எவ்வளவு பொன் என்பதை முடிவு செய்தது அன்று அவரவர் செய்த வேலை.

இந்த ஊரில் பீங்கான் தொழில்நுட்பம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆராய்ச்சியை எப்படி எடைபோடுவது என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் முன்னால் வந்து நிற்கும். மதிப்பு இலையில் இருக்கிறதா, வேலையில் இருக்கிறதா?

இலையில்தான் என்கின்றன நம் பல்கலைக்கழகங்கள். மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக்கலாம் என்று யூஜீன் கார்ஃபீல்ட் 1955இல் எழுதினார். அதன் தொடர்ச்சியாக, எந்த இதழ்களை அட்டவணையில் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கப் பிறந்தது இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கை. இதழை எடைபோட வந்த அந்தச் சராசரி எண், நாளடைவில் ஆளை எடைபோடும் தராசாகிவிட்டது. கட்டுரையை ஒருவரும் படிக்கும் முன்பே, அது வந்த இதழைப் பார்த்து விலை சொல்லிவிடுகிறார்கள். இலையை நீட்டும்போதே பொன் முத்திரை குத்துகிற வேலை இது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கொண்டுவந்த ஏபிஐ என்ற ஆசிரியர் மதிப்பீட்டு முறையில் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வந்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. வேறென்ன நடக்கும்?

இதே ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விஆர்ஐ என்ற எழுத்துகளோடு வரும் நிலக்கடலை, எள், முந்திரி ரகங்கள் அங்கே பிறந்தவை. விஆர்ஐ 3 முந்திரி 1991இல் வெளியானது. நன்றாகக் காய்த்த ஒரு மரத்தைக் கண்டுபிடித்து, அதன் வழிவந்த கன்றுகளைப் பல ஆண்டுகள் சோதித்துத் தேர்ந்தெடுத்த ரகம். கடலூர் மாவட்டத்துச் செம்மண்ணில் அந்த ஒட்டுக்கன்றை நட்ட விவசாயி எந்த ஆய்விதழிலும் அடிக்குறிப்பு எழுதப்போவதில்லை. இம்பேக்ட் ஃபேக்டர் பார்ப்பது இரண்டு ஆண்டு மேற்கோள்களை. ஒட்டு முந்திரி காய்க்கத் தொடங்கவே மூன்றாம் ஆண்டு ஆகிவிடும்.

மாற்று வழி தேடியவர்கள் இல்லாமல் இல்லை. 2010இல் ஜேசன் ப்ரீமும் நண்பர்களும் ஆல்ட்மெட்ரிக்ஸ் என்ற யோசனையை அறிவித்தார்கள். இணையத்தில் ஓர் ஆய்வு எத்தனை பேரால் பகிரப்பட்டது, சேமிக்கப்பட்டது, பேசப்பட்டது என்று எண்ணுவது அது. நல்ல நோக்கம்தான். ஆனால் இலையை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது மட்டுமே அதில் தெரிகிறது. முந்திரித் தோப்பு அங்கேயும் கணக்கில் வராது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம், இதழின் எண்ணை வைத்து மனிதரை மதிப்பிடாதீர்கள் என்று நேராகவே சொன்னது. பிரிட்டன் தன் பல்கலைக்கழகங்களின் 2014 ஆய்வு மதிப்பீட்டில், கல்விக்கூடத்துக்கு வெளியே ஆய்வால் என்ன மாறியது என்று சான்றோடு எழுதித் தரச் சொல்லி, அதற்கு 20 சதவீத மதிப்பு கொடுத்தது. 2021இல் அதை 25 ஆக்கியது. யார் கையில் பொன்னானது என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நான் அறிந்த முறைகளில் முனிவரின் கூலிக்கு மிக அருகில் வருவது இதுதான்.

இங்கே ஆன்மிகம் பேசுகிறவர்கள் ஒரு தடை சொல்வார்கள். பலனை எதிர்பாராமல் உழைப்பதல்லவா அறம், அளவு எதற்கு என்பார்கள். அந்த அறத்தை நான் மதிக்கிறேன். அது உழைப்பவன் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் நோன்பு. பற்றில்லாமல் உழை என்று சொல்லும் உரிமை கூலி கொடுப்பவனுக்குக் கிடையாது. முனிவர் யாரையும் சும்மா வேலை வாங்கவில்லையே.

சுந்தரர் முதுகுன்றம் எனப்பட்ட இதே விருத்தாசலத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. மாற்றுக் குறைகிறதே என்று மறுபடி பாடினார். மாற்றுரைத்த விநாயகர் என்றே திருவாரூரில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். இறைவன் தந்த பொன்னையும் உரைத்துப் பார்த்த மரபு நம்முடையது. இட்டது ஓர் ஊரில், எடுத்தது வேறோர் ஊரில் என்பதையும் அந்த மரபு ஏற்றுக்கொண்டது. ஆய்வின் பலனும் இப்படித்தான், எங்கோ ஒரு குளத்தில் கிடைக்கும். அங்கே போய்த் தேட ஆள் வேண்டும்.

உரைப்பவர் யாராக இருக்க வேண்டும் என்பதை எனக்குச் சூளை கற்றுத் தந்தது. சூளையின் வெப்பநிலையைச் சொல்லப் பைரோமீட்டர் போதும். பாண்டம் எவ்வளவு வெந்தது என்று அறிய, 1886இல் பெர்லினில் ஹெர்மான் செகர் உருவாக்கிய கூம்பை உள்ளே வைக்கிறோம். பாண்டத்துக்கு ஆகும் அதே களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் சரக்கில் செய்த கூம்பு. அதே தீயில் அதே நேரம் நின்று வளைவதால்தான் அதன் சொல்லை நம்புகிறோம். ஆய்வை மதிப்பிடுபவரும் அந்தத் தீயில் நின்றவராக இருக்க வேண்டும்.

என்னோடு பணியாற்றிய ஒருவர் அகல்விளக்கும் பொம்மையும் செய்யும் சிறு பட்டறைகளுக்காக உழைத்தார். சுட்டு ஆறிய பிறகு கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்து சரக்கு கழிவாகிக்கொண்டிருந்தது. ஆறும்போது கிளேஸ் பாண்டத்தின் உடலைவிட அதிகம் சுருங்குவதால் வரும் குறை அது. கிளேஸில் குவார்ட்ஸைக் கொஞ்சம் கூட்டி, சூளையை மெல்ல ஆறவிட்டு, அந்தந்தப் பட்டறையின் மண்ணுக்கு ஏற்ற விகிதத்தைக் கண்டுபிடித்தார். தமிழில் சில பக்கங்கள் எழுதி ஜெராக்ஸ் எடுத்துப் பட்டறை பட்டறையாகக் கொடுத்தார். பதவி உயர்வுக்கான நேர்காணலில் அட்டவணை இதழில் எத்தனை கட்டுரை என்று கேட்டார்கள். இல்லை என்றார். அத்தோடு முடிந்தது. அந்தப் பக்கங்களைக் காட்டுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தேர்வுக் குழுவில் உட்காரும் பேராசிரியர்களே, பட்டியலை மூடிவையுங்கள். விண்ணப்பித்தவர் தன் சிறந்த வேலை என்று எதை நீட்டுகிறாரோ, அதை முழுதாகப் படியுங்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அந்த நாற்காலியை ஏற்காதீர்கள்.