பொய்யற்ற இரங்கல்

என் விவிலியத்தின் பக்கங்களுக்கிடையே நினைவு அட்டை ஒன்று இருக்கிறது. என் தந்தையின் படம், பிறந்த நாள், இறந்த நாள், அவற்றின் கீழே மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரம், 21ஆம் வசனம். தாலந்து உவமையில் தலைவன் தன் பணியாளனைப் பாராட்டும் சொற்கள். முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கென அண்ணன் அச்சிட்டது. நம் பங்குகளில் வழக்கமாக அச்சாகும் வசனந்தான்; அவர் அதற்குமேல் ஒன்றும் எண்ணியிருக்கமாட்டார் என்றே நினைத்தேன். ஆயினும் அதை முதன்முறை வாசித்தபோது என் உள்ளம் கூசியது. என் தந்தை குடித்தவர், எங்களை அடித்தவர். அவர் கைபட்ட பின் அம்மாவின் இடது காது இறுதிவரை சரியாகக் கேட்கவில்லை.

பெற்றோரை மதிக்கக் கற்பிப்பது நான்காம் கட்டளை. பொய் சொல்வதை விலக்குவது எட்டாம் கட்டளை. இவ்விரண்டும் ஒரு மனிதனின் கல்லறையருகே எதிரெதிராக வந்து நிற்குமாயின், அவன் மகன் எதைக் கைக்கொள்வது? இறந்தவரைப் பற்றிப் பொய்யுரையாமல் அவரை மதிக்க இயலுமா? இக்கேள்வியோடு நான் பல ஆண்டுகள் வாழ்ந்தேன். அவ்வாண்டுகளில் எனக்குத் துணை நின்றவை அமெரிக்க, கனடிய இளைஞர்கள் வெளியிட்ட சில இசைத்தொகுப்புகள் என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையலாம்.

தந்தை இறந்தது 2008 பிப்ரவரி இறுதியில். நான் அப்போது சிக்காகோவில் வேலையில் இருந்தேன். விசாத் தாள்கள் புதுப்பிக்கப்படும் நேரம். ஊருக்குப் புறப்பட வழியில்லை. அடக்கத் திருப்பலியின் பாடல்களைத் தொலைபேசி வழியே கேட்டேன். அழுகை வரவில்லை. வராதது குறித்து நாணமும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை, மார்ச் 3 அன்று, உடன் தங்கியிருந்த நண்பர் ஓர் இசைத்தட்டைக் கையில் தந்து, "இன்று கேட்க வேண்டிய பாட்டு இதில் இருக்கிறது" என்றார்.

அந்நாட்டில் 'இண்டி' என்று ஒருவகை இசையைக் குறிப்பிடுவர். பெருநிறுவனங்களைச் சாராமல், நண்பர்கள் சிலர் கூடி நடத்தும் சிறு நிறுவனங்கள் வழியே வெளிவரும் இசை அது. பெரும் பொருட்செலவு இருக்காது. வானொலியில் ஒலிக்க வேண்டும் என்ற கட்டாயமும் குறைவு. ஆகவே துயரத்தை அழகுபடுத்தி விற்கவேண்டிய நெருக்கடியும் குறைவு என்பது என் எண்ணம். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். சிறு நிறுவனங்களிலும் போலிகள் உண்டு.

நண்பர் தந்தது சுஃப்யான் ஸ்டீவன்ஸ் 2005-இல் வெளியிட்ட 'இல்லினாய்' என்னும் தொகுப்பு. அம்மாநிலத்தின் ஊர்கள், மாந்தர், வரலாறு ஆகியவற்றைச் சுற்றி எழுந்த பாடல்கள். அவற்றுள் ஒன்றன் பெயர் 'காசிமிர் புலாஸ்கி நாள்'. அமெரிக்க விடுதலைப் போரில் உயிர்நீத்த போலந்து வீரர் புலாஸ்கியை மார்ச் முதல் திங்களன்று இல்லினாய் மாநிலம் நினைவுகூர்கிறது. நண்பர் அந்நாளில் அதைத் தந்ததன் காரணம் இதுவே. ஆனால் பாடல் வீரனைப் பற்றியதன்று. எலும்புப் புற்றுநோயால் இறந்துபோகும் ஒரு சிறுமியையும், அவளை நேசித்த ஒரு சிறுவனையும் பற்றியது. விவிலிய வகுப்பினர் கைகளை உயர்த்தி அவளுக்காக மன்றாடுகின்றனர், ஒன்றும் நிகழவில்லை. பாடுபவர் கடவுளின் மாட்சியைப் புகழ்கிறார். அதே மூச்சில், அவர் எடுத்துக்கொண்டே இருக்கிறார் என்று முறையிடுகிறார். முறையீட்டோடு பாடல் முடிகிறது. எவரும் வந்து சமாதானம் சொல்வதில்லை.

இது நமக்கு அந்நியமானதன்று. 88ஆம் திருப்பாடல் இருளிலேயே முடிகிறது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாது அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். கடவுளுக்காக வழக்காடத் தொடங்கிய பின்னரே தவறினர். நூலின் முடிவில் ஆண்டவர் சினங்கொள்வது முறையிட்ட யோபுவின்மீது அன்று, அந்நண்பர்கள்மீதே. இவற்றை மறைக்கல்வி வகுப்பில் நானே பிள்ளைகளுக்குக் கற்பித்ததுண்டு. என் காதில் அவை விழுந்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

அதே தொகுப்பில் மற்றொரு பாடல் என்னை இன்னும் கடுமையாகத் தாக்கியது. ஜான் வேய்ன் கேசி என்பவன் 33 கொலைகளுக்காக 1980-இல் தண்டனை பெற்று, 1994-இல் தூக்கிலன்று, ஊசிமருந்தால் கொல்லப்பட்டவன். இறந்தவர்கள் பலரைத் தன் வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருந்தான். அவனைப் பற்றிய பாடல், கொல்லப்பட்ட இளைஞர்களுக்காக அழுதுவிட்டு, கடைசியில் பாடுபவரை நோக்கியே திரும்புகிறது. என் வீட்டுத் தரைக்கு அடியிலும் நான் ஒளித்து வைத்தவை உண்டு என்கிறார். மிகையான ஒப்பீடு என்று முதலில் சினந்தேன். பின்னர் என் மகன்மீது நான் ஒருமுறை ஓங்கிய கை நினைவுக்கு வந்தது. அது அவன்மேல் விழவில்லை. ஆனால் அது யாருடைய கை என்பதை நான் அறிவேன்.

சுஃப்யானின் பாடல்களை வெளியிட்ட சிறு நிறுவனம் அவரும் அவருடைய மாற்றாந்தந்தையும் சேர்ந்து தொடங்கியது. அங்கே மாற்றாந்தந்தை உற்ற துணை. இனி நான் சொல்லவிருக்கும் தொகுப்பில் நிலைமை நேர்மாறு.

'மவுண்டன் கோட்ஸ்' என்ற பெயரில் பாடிவரும் ஜான் டார்னீல் முன்பு மனநோயாளரைப் பேணும் செவிலியராகப் பணியாற்றியவர். தொடக்க ஆண்டுகளில் சாதாரண ஒலிநாடாக் கருவியிலேயே தம் பாடல்களைப் பதிவு செய்தார். அக்கருவியின் சக்கரம் சுழலும் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து கேட்கும். தம்மை அடித்து வளர்த்த மாற்றாந்தந்தை இறந்த பின்னர், 2005-இல் 'சன்செட் ட்ரீ' என்னும் தொகுப்பை அவர் வெளியிட்டார். அடிகள் அதில் மறைக்கப்படவில்லை. கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் சிறுவனின் அச்சம் குறைத்துச் சொல்லப்படவும் இல்லை. முன்குறிப்பில் இறந்தவருக்கு அமைதி வேண்டுகிறார். தொடர்ந்து, இன்று அத்தகைய வீடுகளில் வாழும் இளையோர் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்கிறார். கொடுமையை இல்லையென்று சொல்லாமலே இறந்தவருக்காக மன்றாடலாம் என்பது அந்தத் தாளைக் கையில் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கடைசிப் பாடலில் அதிகாலை மூன்று மணிக்குச் சகோதரி தொலைபேசியில் அழைத்து அம்மனிதர் இறந்ததைச் சொல்கிறார். அப்போது பாடுபவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓர் அடியன்று. ஒரு விடியற்காலையில் அவர் தம்மைக் குதிரைப் பந்தயத் திடலுக்கு அழைத்துச் சென்றதும், தரை வெடிப்புகளில் தலைகாட்டிய பசும்புல்லும். மன்னித்துவிட்டதாக அவர் சொல்வதில்லை. நினைவு அதுவாக வந்தது, வந்ததைச் சொல்கிறார். எனக்கும் ஒன்று உண்டு. மழைக்காலம். தந்தை என்னைத் தோளில் தூக்கி ஓடை கடந்து பள்ளியில் விட்டார். அன்று அவர் குடித்திருக்கவில்லை. சட்டையில் சுண்ணாம்பு மணம். இதைப் பல ஆண்டுகள் நான் எவரிடமும் சொன்னதில்லை; சொன்னால் அம்மாவுக்கு இழைத்த துரோகமாகும் என்று அஞ்சினேன்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். மொன்றியால் நகரின் 'ஆர்கேட் ஃபயர்' குழுவினர் 2004-இல் தங்கள் முதல் தொகுப்புக்கு 'அடக்கச் சடங்கு' என்ற பொருளில் பெயரிட்டனர். அதைப் பதிவு செய்த காலத்தில் குழுவினர் சிலர் பாட்டி, தாத்தா, அத்தை என்று உறவுகளை இழந்திருந்தனர். பலர் சேர்ந்து உரத்துப் பாடும் அத்தொகுப்பில் இழவு வீட்டின் கூட்டமும் கதகதப்பும் உண்டு. 'போன் ஈவேர்' என்ற பெயரில் ஜஸ்டின் வெர்னன், விஸ்கான்சினில் தம் தந்தையின் வேட்டைக் குடிலில் 2006-07 குளிர்காலத்தைத் தனியே கழித்து உருவாக்கிய தொகுப்பும் அப்பத்தாண்டில் பெரிதும் போற்றப்பட்டது. எனக்கென்னவோ, பாட்டைவிடக் குடிலின் கதையே அதிகம் பேசப்பட்டுவிட்டதாகத் தோன்றுகிறது.

2009 அக்டோபரில் டார்னீலின் புதிய தொகுப்பு வந்தது. தலைப்பு நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நம்பிக்கையின் இறுதியில் வரும் மறுவுலக வாழ்வைக் குறிப்பது. பன்னிரண்டு பாடல்கள், ஒவ்வொன்றின் பெயரும் விவிலியப் பகுதி ஒன்றைச் சுட்டும். அட்டையைப் புரட்டிப் பெயர்களை வாசித்தேன். அவற்றுள் ஒன்று மத்தேயு 25:21.

புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணைக் காணச் சென்றவரின் பாடல் அது. எளிய கிட்டார் ஒலி. உவமையின் பாராட்டுரையைத் தாமே எடுத்துச் சொல்ல அவர் முற்படுவதில்லை. தலைப்பில் வைத்துவிட்டு, படுக்கையருகே நிற்கிறார். அச்சொற்களைச் சொல்லவேண்டியவர் வேறொருவர் அல்லவா? என் தந்தையின் அட்டையில் நாங்கள் அதை அச்சிட்டது அவர் சார்பில் தீர்ப்பெழுதும் துணிவு என்றே அன்றிரவு எனக்குத் தோன்றியது. தீர்ப்பை எழுதும் உரிமை எனக்கும் இல்லை, அண்ணனுக்கும் இல்லை. அன்றுதான் தந்தைக்காக முதன்முறை அழுதேன்.

அடுத்த ஆண்டு ஊருக்குச் சென்றபோது கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டிய வாசகம் பற்றிப் பேச்சு வந்தது. பெயரும் ஆண்டுகளும் போதும், அந்த வசனம் வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன், குரல் சற்று உயர்ந்துவிட்டது. அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு மட்டும் தெரியாதாடா? அந்த வசனத்தப் போடச் சொன்னது அம்மாதான்" என்றார்.