அத்தை பேசும் வேகம்

அத்தைக்குப் பள்ளிக்கூடம் இரண்டே வருஷத்தில் முடிந்துவிட்டது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இப்போது ஈப்போ புந்தோங்கில் மகளோடு இருக்கிறார். எங்கள் தோட்டத்து மக்களின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் யார் எவ்வளவு எழுதினாலும் அவரால் படிக்க முடியாது. ஆனால், ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசத் தெரியும். "தம்பி, பசியாறிட்டியா?" என்றுதான் தொடங்குவார். பின்னால் சேவல் கூவும், மோட்டார் சைக்கிள் ஒன்று கடந்து போகும். கேட்டு முடிக்கும்போது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுந்ததுபோல் இருக்கும்.

புலனத்தில் எந்த வசதி பிடிக்கும் என்று கேட்டால், 2013-இல் வந்த இந்தக் குரல்பதிவைத்தான் சொல்வேன். தோட்டத்தில் பேனா, எழுத்தரான கிராணி கையில் இருந்தது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அத்தையின் பெயர் இருந்தது. அவர் சொல் எதிலும் ஏறவில்லை. எழுதத் தெரியாதவரும் ஊர்ப்பேச்சில் உட்கார இந்த வசதி இடம் கொடுத்தது.

இந்தக் குழு ஏன் எங்களுக்கு ஊராக வேண்டியிருந்தது? 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் பாதுகாப்பாக நிற்கிறது. ரப்பரை நம்பி வந்தவர்களுக்கோ வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர் துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சில தோட்டங்கள் பிழைத்தன. எங்களுடையது பிறகு செம்பனைக்குப் போனது, லயங்களை இடித்தார்கள். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறினோம்.

போன வருஷம் ஒருவர் குழுவில் பழைய படமொன்றைப் போட்டார். விடியாத இருட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம். வரிசையாகப் பதினோரு பேர். அன்று மாலையே அத்தையிடமிருந்து நான்கு நிமிஷப் பதிவு வந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் அதை இரு மடங்கு வேகத்தில் கேட்டேன். 2021 முதல் அந்த வசதியும் உண்டு. யார் யார் என்று அத்தை வரிசையாகச் சொல்வது புரிந்தது. கட்டைவிரல் குறி ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இரவில் மனசு கேட்காமல் மறுபடி கேட்டேன், அவர் பேசிய வேகத்திலேயே. இடமிருந்து வலமாக, மேல்லயமா கீழ்லயமா, யாருக்கு எந்த நிரை, யார் தவறிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது ஆளிடம் நின்றார். பேச்சே இல்லை, சேவலும் இல்லை, மூச்சு மட்டும். பிறகு, "இது எங்கண்ணன்" என்றார். என் அப்பா. காலையில் அந்த மௌனம் எனக்குக் கேட்கவே இல்லை. வேகத்தில் சொற்கள் தப்பிப் பிழைத்தன. அத்தை அழுத இடம் அடிபட்டுப் போயிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று உறுதி. வசதிகள் உறவை என் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைக்கும். அதற்கான நேரத்தை நான்தான் கொடுக்க வேண்டும். மிச்சம் பிடித்த இரண்டு நிமிஷத்தை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த மௌனம் நினைவிருக்கிறது. வயதானவர்கள் நம்மிடம் கேட்பது பதில்கூட இல்லை. முழுசாகக் கேட்டோம் என்பதற்கு ஓர் அடையாளம். கேட்டவரால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

கட்டைவிரல் குறியை எடுத்துவிட்டு நானும் பேசி அனுப்பினேன்: "அத்தை, படத்துல அப்பா கையில என்ன வச்சிருக்காரு?"

மறுநாள் விடிவதற்குள் பதில் வந்திருந்தது. ஆறு நிமிஷம். "தூக்குச்சட்டிப்பா. அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், கேளு..."