கேளாமல் கொடுப்பது முறையா?

பிறர் நலம் கருதியே ஆயினும், ஒருவர் உண்ணும் உணவில் அவரைக் கேளாமல் ஒரு பொருளைக் கலக்கலாமா? இது வெறும் ஏட்டு வாதமன்று. நம் வீட்டு உப்புச் சாடியைப் பற்றிய கேள்வி. மக்கள் உண்பதற்காக விற்கப்படும் உப்பில் அயோடின் கலந்திருக்க வேண்டும் என்பது இன்று இந்திய நாட்டின் விதி. இவ்விதி நம் உரிமையில் தலையிடுவதாகக் கருதுவோர் உளர். அவர்களை எளிதில் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை.

அயோடின் மனித உடலுக்கு மிகச் சிறிதளவே வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. எழுபது ஆண்டு வாழ்பவர் தம் வாழ்நாள் முழுவதற்கும் கொள்ள வேண்டியது நான்கு கிராமுக்கும் குறைவே. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். அது கிடைக்காதபோது கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி பருத்துக் கழலையாகிறது. கழலையாவது கண்ணுக்குத் தெரியும். கருவறையில் நிகழும் கேடோ தெரிவதில்லை. தாயின் உடலில் அயோடின் குன்றினால் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுகிறது; குறை மிகக் கடுமையாயின் செவியும் பேச்சும் அறிவும் இழந்த குழந்தை பிறக்கிறது. பிறந்தபின் எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் இழந்தது மீளாது. தாய்க்கோ பசியில்லை, வலியில்லை. தன் உணவில் எது இல்லை என்பதை நாவும் சொல்லாது.

மலைநாடுகளில் மழையும் பனியாறுகளும் நெடுங்காலமாக மண்ணிலுள்ள அயோடினைக் கழுவிக் கடலில் சேர்த்துவிட்டன. அம்மண்ணில் விளையும் தானியத்திலும் அது இல்லை. இமயத்தின் அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கு அத்தகைய இடம். அங்கே 1956-ஆம் ஆண்டு மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும், நடுப் பகுதிக்கு வெறும் உப்பையும் வழங்கினர். 1962-இல் பார்த்தபோது இரு பகுதிகளிலும் கழலை நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. வெறும் உப்பு உண்ட பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டது. நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் அதே 1962-இல்தான்.

நம் சிந்தை நிலைகொள்வது அந்த நடுப் பகுதியில். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பள்ளிச் சிறுமியர்க்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுக்கும் ஆய்வை டேவிட் மரைன் 1917-இலேயே தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்து நாட்டின் அப்பென்செல் பகுதியில் 1922 முதல் அயோடின் உப்பு விற்கப்பட்டு வந்தது. இந்திய மண்ணில், இந்தியர் உண்ணும் உப்பில் மெய்ப்பித்துக் காட்டினாலன்றி அரசு பெரும்பொருள் செலவிடாது என்று ஆய்வாளர் தரப்பில் வாதிடலாம். அவ்வாதத்தில் வலு உண்டு; அவ்வாய்வால் பின்னர் காக்கப்பட்டோர் எண்ணிலடங்கார். ஆயினும், அவ்வாண்டுகளில் நடுப் பகுதியில் கருவுற்ற தாய்மாரின் வயிற்றிலிருந்த குழந்தைகள் எவரும் அதற்கு இசைவு தந்தாரல்லர். கேளாமல் கொடுப்பது குற்றமென்போர், கேளாமல் கொடாதிருப்பதை என்ன பெயரிட்டு அழைப்பர்? இரண்டிலும் பிறர் ஒருவரே முடிவு செய்கிறார். ஒன்றில் நேரும் தவறைத் திருத்திக்கொள்ளலாம், மற்றொன்றில் இயலாது.

முற்கால இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்னும் கடைத்தெரு அதிகாரி இருந்தார். நிறைகோலையும் உணவுப் பண்டங்களையும் சோதிப்பது அவர் பணி. தீயதைக் கலக்காதே என்று வணிகனுக்கு ஆணையிட அவருக்கு அதிகாரம் உண்டு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நல்லதைக் கலந்தே தீர வேண்டும் என்று ஆணையிடலாமா என்பது வேறு கேள்வி. வியப்பு என்னவெனில், இந்திய உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ இதையே. 1998-இல் வந்த தடை 2000-இல் நீக்கப்பட்டு, 2006-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2011-இல் நீதிமன்றம், கலப்படத் தடைச் சட்டம் கேடான உணவைத் தடுப்பதற்கே. வெறும் உப்பு கேடான உணவன்று. ஆகவே அச்சட்டத்தின் கீழ் அதைத் தடுக்க இயலாது என்றது. எனினும் மக்கள் நலங்கருதித் தடை ஆறு மாதம் தொடர அனுமதித்தது. பிறகு வேறு சட்டத்தின் கீழ் விதி வந்தது. நீதிபதிகள் எழுப்பிய வேறுபாடு நுண்ணியது; நமக்கு உடன்பாடே. ஆனால் தனக்காக எதையும் தெரிந்தெடுக்க இயலாத ஓர் உயிர் நடுவே இருக்கும்போது, தெரிந்தெடுக்கும் உரிமை என்பது பெரியவர்களின் உரிமையாக மட்டுமே சுருங்கிவிடுகிறது.

அப்பென்செலில் மருத்துவர் எக்கன்பெர்கர் வேறு வழியில் சென்றார். மக்களிடம் சொல்லி விளக்கி, கையொப்பம் திரட்டி, அதைக் கொண்டு அரசிடம் அயோடின் உப்பு கேட்டார். அந்நாட்டில் வெறும் உப்பும் உடன் விற்கப்பட்டது, வேண்டியவர் வாங்கினர். கேட்டுக் கொடுப்பதே சிறந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் கேட்பதற்கு ஊர்தோறும் ஒரு எக்கன்பெர்கர் வேண்டும்.

நம் தமிழகத்திற்கு வருவோம். தூத்துக்குடி, வேதாரணியம் உப்பளங்களை உடைய இம்மாநிலம் உப்பு விளைச்சலில் நாட்டின் முன்னணியில் நிற்கிறது. 2018-19-இல் எடுத்த நாடு தழுவிய கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் இல்லங்கள் இந்தியாவில் நூற்றுக்கு 76.3, தமிழகத்தில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம் நமக்கே. கல்லுப்பின் மீது நமக்குள்ள பற்று இதற்கு ஒரு காரணம். கடற்கரை மக்களுக்கு அயோடின் எதற்கு என்பாரும் உளர். அயோடின் கடல்மீனில் உண்டு. அக்கடல் நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் தானாக நிற்பது மிகச் சொற்பம் என்பதை அவர்கள் அறியார். சிறு உப்பளக்காரர் குறையும் செவிகொள்ளத் தக்கது. கலக்கும் பொறியும் செலவும் அவருக்குப் பாரம். கட்டாயம் விதிக்கும் அரசு அப்பாரத்தில் பங்கேற்காவிடில், விதி ஏட்டிலும் வெறும் உப்பு சந்தையிலும் இருக்கும். அந்த 61.9 என்னும் எண் சொல்வது ஏறத்தாழ அதையே.