அருளா, உரிமையா?

எம் பேரு ஜான். ஞானஸ்நானத்தில் வைத்த பேர். எபிரேயத்தில் யோகனான், 'யாவே அருள் செய்தார்' என்று பொருள். கிரேக்கத்தில் யோவான்னெஸ் ஆகி, நாடுநாடாகப் போனது. பிரான்சில் ழான், ஸ்பெயினில் ஹுவான், ரஷ்யாவில் இவான், அயர்லாந்தில் ஷான், இங்கிலாந்தில் ஜான். தமிழில் யோவான், பழைய கத்தோலிக்கத் தமிழில் அருளப்பர்.

எங்கள் சேரிக்கும் வந்தது. ஆண்டை வாயில் என் தாத்தாவுக்குப் பேரே கிடையாது, 'டேய்'தான். அவர் பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒரு பேர் கிடைத்ததே மீறல்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் பேரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "எந்தத் தெரு தம்பி?" தெருவைச் சொன்னால் ஜான் மறைந்து சாதி நிற்கிறது. எங்க ஊர்க் கல்லறையில் நடுவே சுவர். அந்தப் பக்கமும் ஜான், இந்தப் பக்கமும் ஜான். செத்த பிறகும் ரெண்டு ஜான். 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவ தலித் இன்னும் வெளியே. ஊருக்கு நான் சேரிக்காரன். சர்க்காருக்கு நான் கிறித்தவன்.

சிக்கல் பேரின் பொருளிலேயே இருக்கிறது. அருள் மேலிருந்து கீழே வருவது. கொடுக்கிறவன் நினைத்தால் நிறுத்திக்கொள்வான். 1215இல் மகாசாசனத்துக்கு முத்திரை வைத்த இங்கிலாந்து அரசன் பேரும் ஜான்தான். அருள் சுரந்து வைக்கவில்லை. பிரபுக்கள் ஆயுதத்தோடு நெருக்கியதால் வைத்தான்.

பேரை அருளாக வாங்கிக்கொண்டோம். மரியாதையை அப்படி வாங்க முடியாது. அந்தச் சுவரை யாரும் மனமிரங்கி இடிக்கப்போவதில்லை. நாமதான் இடிக்கணும்.