மண்டபம் யாருக்காக?

டொராண்டோவிலோ லண்டனிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளின் திருமணத்தைத் தஞ்சாவூரிலோ மதுரையிலோ நடத்தும் குடும்பங்கள் இன்று ஏராளம். முகூர்த்த நாள் குறித்த கையோடு மண்டபம் தேடும் வேலை தொடங்கிவிடுகிறது. ஊரில் இருக்கும் சித்தப்பா கைபேசியும் கையுமாக மண்டபத்தைச் சுற்றிவந்து காட்டுவார். கடல் கடந்து இருப்பவர்கள் அகாலத்தில் விழித்திருந்து பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் அட்வான்ஸ் போய்ச் சேரும். இதை வெறும் ஏற்பாட்டு வேலையாகவே நினைக்கிறோம். ஆனால் இதன் அடியில் ஒரு சமயக் கேள்வி கிடக்கிறது: திருமணத்துக்குரிய புனிதம் நடக்கும் இடத்திலிருந்து வருகிறதா, அங்கே வந்து கூடுகிறவர்களிடமிருந்து வருகிறதா? கூடுகிறவர்களிடமிருந்தே வருகிறது என்பதுதான் என் வாதம். அது சரியென்றால், எந்த மண்டபத்தை எடுப்பது என்பதும் அறம் சார்ந்த முடிவாகிவிடும்.

தமிழ்த் திருமணங்களின் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று அகநானூற்றின் 86ஆம் பாடல். பந்தல் போட்டு, புதுமணல் பரப்பி, விளக்கேற்றி, பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். உளுத்தம் பருப்பிட்டுச் சமைத்த உணவை எல்லோரும் உண்கிறார்கள். கோயில் அங்கே பேசப்படவில்லை. மணல் பரப்பியவர்களும் நீர் வார்த்தவர்களும் உண்டவர்களும்தான் அந்த இடத்தைத் திருமண இடமாக்குகிறார்கள். இன்றைய பந்தக்கால் ஊன்றலும் அதே வழியில்தான் நடக்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நவதானிய முடிச்சோடு நிற்கும் அந்தக் காலைச் சுமங்கலிகள் சேர்ந்து நடுகிறார்கள். குழியில் பால் ஊற்றுகிறார்கள். கிரானைட் தரை போட்ட மண்டபத்தில் மணல் நிரப்பிய தொட்டியில் நட்டாலும் சடங்கு நிறைவாகவே முடிகிறது. புரோகிதர் சொல்லும் சங்கல்பமும் இதையே காட்டும். சடங்கு எந்தக் கண்டத்தில், எந்தத் தேசத்தில், எந்த நாளில் நடக்கிறது என்று அதில் அறிவிக்க வேண்டும். பாரத கண்டம் என்று சொல்லிவந்த இடத்தில், வெளிநாட்டில் நடக்கும்போது அந்த நாட்டுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்கிறார்கள். இடத்தை அறிவிக்கச் சொல்கிற மரபு, இன்ன இடத்தில்தான் நடத்த வேண்டும் என்று கட்டிப்போடவில்லை.

மற்ற சமயங்களின் விதிகளைப் பார்த்தாலும் இடத்தைவிடச் சாட்சியே கனமாக நிற்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் பங்குக் கோயிலில் மணம் முடிக்கச் சொல்கிறது. ஆயரின் அனுமதியோடு வேறு தகுந்த இடத்திலும் முடிக்கலாம். மணமக்களில் ஒருவர் வர முடியாதபோது பதிலாள் மூலம் சம்மதம் தரவும் அதில் வழி உண்டு. குருவானவரே கிடைக்காத அசாதாரணச் சூழலில் சாட்சிகள் முன்னிலையில் மட்டும் செய்யும் மணமும் செல்லும். இடம் மாறலாம், குருவானவர் இல்லாமலும் போகலாம். அப்போதும் சாட்சிகள் வேண்டும். இஸ்லாமிய நிக்காஹ்வுக்குப் பள்ளிவாசல் கட்டாயமில்லை. மணமகளின் சம்மதத்தை அறிந்து அவருக்காக வலீ எனப்படும் பொறுப்பாளர் ஒப்பந்தம் செய்துவைப்பது வழக்கம். ஆனால் தமிழ் முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி, ஷாஃபி வழிகள் இரண்டுமே சாட்சிகள் இல்லாத நிக்காஹ்வை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சடங்குகளைச் சொல்கிறது. சப்தபதி உள்ள திருமணம் ஏழாவது அடியோடு நிறைவேறுகிறது என்கிறது. எந்த இடத்தில் என்று நிபந்தனை விதிக்கவில்லை. சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு, புரோகிதரும் அக்கினியும் இல்லாமல் மணம் முடிக்க வழி செய்தது. அந்தப் பிரிவும்கூட உறவினர்களோ நண்பர்களோ பிறரோ முன்னிலையில் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. கடவுளை முன்னிறுத்தும் மரபும் முன்னிறுத்தாத மரபும் ஒத்துப்போகும் புள்ளி இது.

இதற்குப் பக்தர்கள் சொல்லும் மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. குருவாயூரில் தாலி கட்டுவதும் குலதெய்வத்தின் சந்நிதியில் மாலை மாற்றுவதும் ஒன்றுதான், தெருமுனை மண்டபமும் ஒன்றுதான் என்றால் தலத்தின் மகிமை எங்கே போயிற்று என்று கேட்பார்கள். தலத்துக்கு மகிமை உண்டு. தலைமுறை தலைமுறையாக மக்கள் நேர்ந்துகொண்ட இடத்தில் நிற்கும்போது மனம் வேறு விதமாகப் பணிகிறது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மகிமையும் மக்கள் விடாமல் வந்து நின்றதோடு பிணைந்தது. மதுரைச் சித்திரைத் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு வரும் அண்ணன் அழகர், வைகைக்கு வரும்போதே கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு திரும்பினார் என்று மக்கள் கதை சொல்கிறது. கோயிலில் சடங்கு ஒரு குறையுமின்றி நடந்தது. ஆனாலும் தூரத்திலிருந்து வந்த ஓர் உறவு தவறிப்போனதை இந்த ஊர் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. குலதெய்வக் கோயிலை விரும்புகிறவர்கள் அங்கேயே நடத்தட்டும். அந்த விருப்பத்தால் தாத்தா பாட்டிகள் வர முடியாமல் போகிறது என்றால், தலத்தின் பேரில் திருமணத்தின் உயிரைக் குறைக்கிறோம் என்பதை மட்டும் அவர்கள் எண்ண வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும். இடம் முக்கியமில்லை என்றால் நேரலையில் பார்த்தால் போதாதா? 7-ஏ பிரிவின்படி நடக்கும் மணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சொல்லிவிட்டதே? அந்தத் தீர்ப்பு சரியானது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் மிரட்டலுக்கும் நடுவே மணம் செய்பவர்களை அது காக்கிறது. அது சட்டத்துக்குப் போதுமான குறைந்த அளவு. அந்த அளவிலும் சிலர் நேரில் இருந்தாக வேண்டும். நேரலை, வர இயலாதவருக்குப் பெரிய ஆறுதல். அதை வைப்பது நல்லது. ஆனால் அட்சதையைத் திரை வழியாகத் தூவ முடியாது. நாத்தனார் முடிச்சைக் கை போட வேண்டும். பிற்காலத்தில் தம்பதிக்குள் பிணக்கு வந்தால், நான் அங்கே நின்று வாழ்த்தினேன் என்ற உரிமையோடு பேச வருகிறவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்தான்.

ஆகவே தொலைவிலிருந்து மண்டபம் பேசுகிறவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, யாரால் அங்கே வர முடியும் என்பதே. வீடியோவில் மேடை அலங்காரமும் சரவிளக்கும் நன்றாகத் தெரியும். சாப்பாட்டுக்கூடம் மாடியில் இருக்கிறதா, லிஃப்ட் வேலை செய்கிறதா, முதியவர் உட்கார்ந்து எழத்தக்க கழிப்பறை உண்டா, அதிகாலை முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் முதல் நாள் தங்க அறை போதுமா என்பவை கேட்டால்தான் தெரியும். உறவுகள் பல நாடுகளில் சிதறிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்கோ எந்த நாட்டில் வைத்தால் யாருக்கு விசா கிடைக்கும் என்பதே முதல் கணக்கு. பணம் எங்களுடையது, ஆசை பிள்ளைகளுடையது, இதில் ஊருக்கு என்ன என்று கேட்கலாம். ஆசைக்கு இடம் உண்டு. அலங்காரத்திலும் விருந்திலும் உடையிலும் அது நிறைவேறட்டும். ஊரை அழைத்துச் சாட்சி சொல்லவைக்கும் நிகழ்வில், அழைக்கப்பட்டவர் படியேற முடியாமல் கீழேயே நின்றால் அந்த அழைப்பு பொய்யாகிவிடும். பந்தியில் உட்காரப்போகும் ஒரு முதியவரை அந்தச் சித்தப்பாவோடு அனுப்பி, அவர் நடந்து பார்த்துச் சரி என்ற பிறகு அட்வான்ஸ் கொடுப்பதே முறை.