காப்புக் காலம்

இரவில் ஈரோடு–கரூர் தடத்தில் சரக்கு ரயில் போனால் பாப்பா அசையமாட்டாள். யாராவது தட்டில் கரண்டியை வைத்தால் போதும், திடுக்கிட்டு இரண்டு கைகளையும் விரிப்பாள். “பயந்துக்குச்சு” என்று அம்மிச்சி ஓடிவந்து நெஞ்சில் கை வைப்பாள். பிறந்த குழந்தைகள் எல்லாமே இப்படிக் கை விரிக்கும், சில மாதங்களில் அது தானாக மறைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் கை வைக்கிறேன். வைத்ததும் அடங்கிவிடுகிறாள்.

*

பால் கொடுக்கும்போது அவள் உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எலும்பு இன்னும் கூடாத இடம். பூனைமயிருக்கு அடியில் தோல் மெல்ல ஏறுகிறது, இறங்குகிறது. பெரியவர்களுக்கு மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தால்தான் நாடி தெரியும். இவளுக்குக் கண்ணால் பார்த்தே எண்ணலாம். முன்னுச்சி முழுக்க மூட ஒன்றரை வயதுகூட ஆகலாம் என்கிறார்கள். அதுவரை அந்த இடத்துக்குத் தோலும் ஒரு மெல்லிய சவ்வும்தான் துணை.

இந்த வாரங்களில் அவளுக்கு ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மார்பில் கிடக்கிற பிள்ளைக்கும் அம்மா முகத்துக்கும் உள்ள தூரமும் அவ்வளவுதான். அதற்கு அப்பால் இருக்கிற விட்டமும் தூளிக் கயிறும் காவேரியும் இன்னும் வந்து சேரவில்லை.

*

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். செங்கீரை ஐந்தாம் மாதம் என்பார்கள்: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. பிறகு தால், சப்பாணி, முத்தம். மாதக் கணக்கு நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது காப்பு. அந்தப் பருவத்தில் பிள்ளை எதுவும் செய்வதில்லை. அதைச் சொல்லி அழகு பாராட்டவும் ஒன்றுமில்லை. புலவர் தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இதைக் காப்பாற்று என்று கேட்கிறார், அவ்வளவுதான்.

குமரகுருபரர் மீனாட்சிக்கே பிள்ளைத்தமிழ் பாடினார். உலகத்தைக் காக்கிறவள் அவள். அவளுக்கும் காப்பில்தான் தொடங்கியாக வேண்டியிருந்தது. முன்பு இதை இலக்கண மரபென்று படித்துவிட்டுக் கடந்திருக்கிறேன். இப்போது அந்த மரபை வகுத்தவர்கள் கைக்குழந்தை இருந்த வீட்டில் தூங்காமல் கிடந்தவர்கள் என்றே நினைக்கிறேன்.

*

அம்மிச்சி மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்கிறாள். இரண்டு கணுக்காலுக்கு நடுவில் பாப்பாவைக் குப்புறப் போட்டு, முழங்கையில் சூடு பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறாள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு என்று ஒரு விரல் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தக் கால்களில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. அதில்தான் அம்மாவும் குளித்தாள், நானும் குளித்தேன்.

காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடக் கூடாது, வசம்பை உரசி நாக்கில் தடவக் கூடாது என்று செவிலியர் சொன்னபோது அம்மிச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. “நாங்கெல்லாம் வளத்தலியா கண்ணு?” என்று கேட்டாள். பிறகு அவளே, “ஆகாதுன்னா வேண்டாம் போ. கையில கட்டிக்கறேன்” என்றாள். இப்போது வசம்பு பாப்பாவின் மணிக்கட்டில் கிடக்கிறது. கற்ற வழக்கத்தை இந்த வயதில் ஒரு குழந்தைக்காக விட்டவளை நான் எப்படி வணங்குவது?

*

புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி. ஆறாம் வாரத்துக்கு உரியது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி என்று சுவரில் எழுதியிருந்ததை வரிசையில் நின்றபடி படித்தேன். எதிலிருந்து காக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும் அந்தச் சுவரும் எனக்குக் காப்புப் பாட்டாகவே தெரிந்தது.

இரவு பாப்பாவுக்கு உடம்பு காந்தியது. மருந்து ஊற்றியாயிற்று. அம்மிச்சி படுக்கவில்லை. தூளியை ஆட்டிக்கொண்டே, கேட்காமலே சொன்னாள்: “இருந்திருந்தா உங்கம்மாளுக்கு மூத்தவன். தலை நிக்கறதுக்குள்ள போயிட்டான். இருமல்தான். ராத்திரியெல்லாம் இருமுனான்.” அவனுக்குப் பேர் வைத்திருந்தார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

1971இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 129 பேர் ஒரு வயது நிறையாமலே போனார்கள். 2020இல் அது 28. தமிழ்நாட்டில் 13. எவ்வளவு பேர் உழைத்து இறக்கிய எண் இது என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அந்த 13 வீடுகளிலும் தூளி கட்டியிருப்பார்களே என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

*

தூக்கத்தில் உதடு கோணி அழப் போனால் நரி மிரட்டுது என்பாள் அம்மிச்சி. இன்று பாப்பா விழித்திருக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இதில் நரிக்கு வேலையில்லை.

*

எங்கள் ஊர் மகுடேசுவரர் கோயிலில் சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே மதிலுக்குள். வன்னி மரத்தடியில் பிரம்மா. அந்த மரத்து இலையைப் போட்டுத்தான் பழனிக்குக் காவேரித் தீர்த்தம் எடுத்துப் போகிறார்கள், தண்ணீர் கெடாது என்ற நம்பிக்கையில். அம்மிச்சி காலையில் தனியாகப் போய்வந்தாள். பெருமாள் சந்நிதியில்தான் வெகுநேரம் நின்றாளாம். காப்புப் பருவத்திலும் திருமாலைத்தான் முதலில் பாடுவார்கள், காக்கும் தெய்வம் என்பதால். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

“தலை நிக்கட்டும்னு சொன்னேன். மத்ததெல்லாம் அது பாத்துக்கும்.”